நைட் ஷிஃப்ட் செடிகள்!

உங்க வீட்டு வாசலை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்க பாஸ். நிலைப்படிக்கு மேலே எலுமிச்சம்பழம், படிகாரம், கறுப்புக் கயிறு... பக்கத்துல தலைகீழா ஒரு கத்தாழை தொங்குதா?

மண்ணு கிடையாது. தண்ணி கிடையாது. வேர் வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்கு. ஆனாலும் மாசக்கணக்குல பச்சையா இருக்கு. எங்க வீட்ல தொங்குறது போன ஆடியில கட்டினது. அது பாட்டுக்கு நுனியை மட்டும் மேல் பக்கமா வளைச்சு, 'நான் இன்னும் இருக்கேன்'னு அட்டெண்டென்ஸ் கொடுத்துக்கிட்டிருக்கு. எனக்கே இந்த செமஸ்டர்ல அவ்வளவு பர்சென்டேஜ் இல்லை!

இந்த ஒரு கத்தாழையை நான் ஒழுங்கா கவனிச்சிருந்தா, எங்கப்பாவுக்கு ஒரு கிடா மிஞ்சியிருக்கும்.

கதையைச் சொல்றேன். எனக்கு ஊர் வேப்பூர். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்-சேலம் ரோடும் வெட்டிக்கிற இடம். பஸ்ல போறவங்களுக்கு டீக்கடை நிறுத்தம். ஆட்டு வியாபாரிகளுக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை. எங்களுக்கு வெயில். அக்காவுக்குப் போன வைகாசி கடைசியில கல்யாணம். தாம்பூலப் பையில தேங்காய் போடுற வழக்கத்தை ஒழிச்சுட்டு, ரிட்டர்ன் கிஃப்டா ஆளுக்கொரு குட்டிச் செடி கொடுக்கலாம்னு ஐடியா கொடுத்த அறிவாளி நான்தான். இன்ஸ்டாகிராம்ல பார்த்திருப்பீங்களே... ரோஜாப் பூவை மெழுகுல செஞ்ச மாதிரி, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு செடி. 'எச்சிவேரியா'ன்னு பேரு. சதைப்பத்துச் செடி, அதாவது சக்குலன்ட். "பாலைவனச் செடிப்பா, நம்ம வெயில் அதுக்கு ஜுஜுபி. தண்ணியே கேட்காது"ன்னு அப்பாகிட்ட பிரசங்கம் பண்ணினேன். அப்பா ஒண்ணும் பேசலை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கிடாவைச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போனார். சாயங்காலம் என் கையில 9,000 ரூபா.

மலைப்பிரதேசத்து நர்சரி ஒண்ணுல இருந்து நூறு செடி வரவழைச்சேன். கப்புக்கு அலையவே வேண்டாம், விருத்தாசலம் பஸ்ல முக்கால் மணி நேரம். பொம்மை, அகல்விளக்கு, கரன்ட் கம்பத்து இன்சுலேட்டர்னு பீங்கான்லயே பொழைக்கிற ஊர். செராமிக் டெக்னாலஜிக்குன்னே டிப்ளமோ சொல்லித் தர்ற அரசுக் கல்லூரி அங்கேதான் இருக்கு. தொழிற்பேட்டையில ஒரு யூனிட்ல பளபளன்னு வெள்ளை கிளேஸ் போட்ட நூறு கப் வாங்கினேன். ஓட்டை இல்லாத கப். 'மேஜையில தண்ணி ஒழுகாதே, சூப்பர்'னு நினைச்சேன்!

அக்னி நட்சத்திரத்துக்கு நடுவுல செடி வந்தது. நட்டேன், மொட்டை மாடியில வரிசையா வெச்சேன், போட்டோ எடுத்தேன், ஸ்டேட்டஸ் போட்டேன். அஞ்சாம் நாள் அடி இலை கண்ணாடி மாதிரி ஆச்சு. தாகம்னு நினைச்சுத் தண்ணி ஊத்தினேன். ஒன்பதாம் நாள் விரல் வெச்சுத் தொட்டா, வெந்த கத்தரிக்காய் மாதிரி கொழகொழன்னு கையோட வருது. நூத்துல மிஞ்சினது மூணே மூணு. கல்யாணத்துக்குப் பாக்கி பதினாறு நாள்.

அப்பா மாடிக்கு வந்து பார்த்தார். "கிடாவா இருந்தா குழம்பாவது வெச்சிருக்கலாம்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டார். அதுக்கு அப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அவர் திட்டியிருந்தாலே தேவலை.

அந்த ராத்திரி தூக்கம் வராம மாடியிலயே உக்காந்திருந்தேன். மணி பதினொண்ணு. சிமென்ட் தரையில கால் வைக்க முடியலை, அப்படி ஒரு அனல். அப்பதான் உறைச்சது. பகல் வெயிலைப் பத்தி மட்டுமே யோசிச்சேனே... இந்த ராத்திரியைப் பத்தி யோசிச்சேனா?

இங்கே கொஞ்சம் சயின்ஸ் பாஸ், பக்கத்தைப் புரட்டிடாதீங்க.

சாதாரண செடி என்ன பண்ணும்? பகல்ல இலைத்துளைகளைத் திறந்து வெச்சுக் காத்துல இருக்கிற கார்பன்-டை-ஆக்ஸைடை இழுக்கும், வெயில்ல சமைக்கும். கதவு திறந்திருக்கிறதால உள்ளே இருக்கிற தண்ணியும் ஆவியாகிப் போயிட்டே இருக்கும். கத்தாழை, எச்சிவேரியா வகையறா அப்படி இல்லை. பகல் முழுக்கக் கதவைச் சாத்திடும். ராத்திரிதான் திறக்கும். அப்போ இழுக்கிற வாயுவை மாலிக் ஆசிட்டா மாத்தி (ஆப்பிள்ல புளிப்பு கொடுக்குதே, அதேதான்) சதைக்குள்ளே சேர்த்து வெச்சுக்கும். விடிஞ்சதும் கதவைச் சாத்திட்டு, சேர்த்து வெச்சதை எடுத்து வெளிச்சத்துல சமைக்கும். நான் ட்ரிபிள்-ஈ ஸ்டூடன்ட். என் பாஷையில சொன்னா, ராத்திரி சார்ஜ், பகல்ல டிஸ்சார்ஜ். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி.

இதனால எவ்வளவு மிச்சம் தெரியுமா? ஒரு கிராம் கார்பன்-டை-ஆக்ஸைடு உள்ளே வர, நெல் மாதிரி செடிகள் 400-லிருந்து 500 கிராம் தண்ணியை இழக்கும். இந்த நைட் ஷிஃப்ட் பார்ட்டிகள் 50-லிருந்து 100 கிராம்தான். வாசல் கத்தாழையோட ரகசியம் இதுதான். ரொம்ப வறண்டு போனா ராத்திரிக் கதவையும் சாத்திக்கிட்டு, தன் மூச்சுல வர்ற வாயுவையே திரும்பப் பிடிச்சு ஓட்டும்.

இந்த சிஸ்டத்துக்குப் பேரு 'க்ராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம்'. சுருக்கமா 'கேம்'. பேரைக் கேட்டா அமெரிக்கால கண்டுபிடிச்ச மாதிரி இருக்குல்ல? இதை முதன்முதல்ல தெளிவா எழுதி வெச்சவர் நம்ம பக்கத்துக்காரர் மாதிரிதான். பெஞ்சமின் ஹைன். ஜெர்மன்காரர். மதத் தொண்டுக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியில தாவரவியல் பார்த்து, 1819-ல் சென்னையிலேயே இறந்துபோனவர். ரணகள்ளி தெரியுமில்லையா... இலையைக் கிள்ளிப் போட்டா ஓரத்துல குட்டி குட்டியா முளைக்குமே, அது. அதோட இலையைக் காலையில கடிச்சா புளிக்குது, மதியம் சப்புன்னு ஆகுது, சாயங்காலம் லேசாக் கசக்குதுன்னு கவனிச்சு, 1813-ல் ஒரு கடிதம் எழுதினார். 1815-ல் லின்னியன் சொசைட்டி வெளியீட்டுல அது அச்சாச்சு. மனுஷன் லேப் இல்லாம, மீட்டர் இல்லாம, நாக்கை வெச்சுக் கண்டுபிடிச்சிருக்கார்!

நான் அவ்வளவு தைரியசாலி இல்லை. ரணகள்ளியில இதயத்தைப் பாதிக்கிற சரக்கு இருக்கு, ஆடு மாடு நிறைய தின்னா செத்தே போகும். நீங்களும் கடிக்காதீங்க. காலேஜ் திறந்ததும் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் அண்ணன்கிட்ட கெஞ்சிக் கொஞ்சம் பி.ஹெச். பேப்பர் வாங்கினேன். எங்க கிணத்தடி ரணகள்ளியில காலை அஞ்சரைக்கு ஒரு இலை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு இலை. நசுக்கித் தொட்டேன். காலையில பேப்பர் ஆரஞ்சு. சாயங்காலம் மஞ்சள். 200 வருஷத்துக்கு முன்னாடி எழுதின லெட்டர் எங்க கிணத்தடியில பாஸ் ஆயிடுச்சு!

சரி, என் எச்சிவேரியா ஏன் செத்துச்சு? அதுவும் ரணகள்ளியும் ஒரே குடும்பம்தான், ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சி. ஆனா பொறந்த ஊர் வேற. ரணகள்ளிக்கு மடகாஸ்கர். எச்சிவேரியாவில பெரும்பாலானதுக்கு மெக்சிகோ மலைப் பாறை. அங்கே பகல்ல வெயில் கொளுத்தினாலும் ராத்திரி குளிர்ந்துடும். நிஜப் பாலைவனத்துலயும் அதே கதைதான். காத்துல ஈரம் கிடையாது, மேகம் கிடையாது. பகல்ல வாங்கின சூட்டை பூமி ராத்திரி வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துடும். நம்ம ஊர்ல கடல் ஈரம் கம்பளி மாதிரி மூடிக்கும். சூடு எங்கே போகும்?

நைட் ஷிஃப்ட் செடிகள்ல பலதுக்கு ராத்திரி வேலை நல்லா ஓடுறது 10-லிருந்து 20 டிகிரிக்குள்ளே. எங்க மாடியில ஒரு தெர்மாமீட்டர் வெச்சு ஒரு வாரம் பார்த்தேன். விடியக்காலை அஞ்சு மணிக்கு, இருக்கிறதுலயே குளிர்ச்சியான நேரத்துல, 28 டிகிரி. கதவைத் திறந்தாலும் சரக்கு உள்ளே வராது. வந்த கொஞ்சமும் சூட்டுல மூச்சு விட்டே செலவாகிடும். சார்ஜ் ஏறாத பேட்டரி. அப்படி சோர்ந்து கிடக்கிற செடிக்கு, ஓட்டை இல்லாத கப்புல, 'ஐயோ பாவம்'னு நான் தண்ணி ஊத்தியிருக்கேன். சுடு மண், தேங்கின தண்ணி. பூஞ்சைக்கு இதைவிட நல்ல விடுதி உண்டா? வெயில் அதைக் கொல்லலை மக்களே, நான்தான் வேக வெச்சேன்.

அடுத்த நாள் காலையில ஆயா மாடிக்கு வந்துச்சு. எழுபது வயசு. செத்த செடிகளைப் பார்த்துட்டு, "ஏன்டி, சீமைச் செடிக்கு இவ்ளோ செலவு பண்ணுனியே, தண்ணித் தொட்டி மேல பத்துமணிப் பூ மண்டிக் கிடக்கு, அது கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு கேட்டுச்சு.

பத்துமணிப் பூ! டேபிள் ரோஸ்னு நர்சரியில விக்கிறாங்களே, அதே. ஊசி ஊசியா சதை இலை, ரோஸ், மஞ்சள், வெள்ளைன்னு பூ. பருப்புக்கீரைக்கு உறவுக்காரி. பிறந்தது தென் அமெரிக்காதான், ஆனா இங்கே வந்து ஆயாக்களுக்கெல்லாம் சொந்தமாயிடுச்சு. இது ஏன் எங்க ஊர் ராத்திரிக்கு அசரலைன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். சூப்பர் மேட்டர். இது அடிப்படையில சோளம், கரும்பு கட்சி. 'சி-4'ன்னு சொல்லுவாங்க. சூடு ஏற ஏறப் பகல்லயே நல்லா உழைக்கிற ரகம். தண்ணி சுத்தமா நின்னு போனாதான் 'கேம்' வேலையையும் சேர்த்துப் பார்க்கும். சோளமும் கரும்பும் விளையுற மண்ணுல அது விளையறதுல என்ன ஆச்சரியம்? எங்க கொல்லையிலயே விடை இருந்திருக்கு.

நான் இன்னும் கொஞ்சம் ஓவரா யோசிச்சு, "ஆயா, வரப்புல திருகுகள்ளி இருக்கே, அதையும் ஒரு இருபது கப்புல வெச்சா வெரைட்டியா இருக்கும்ல?"னு கேட்டேன். ஆயா முகம் மாறிடுச்சு. "கல்யாண வீட்டுல கள்ளியா? பொம்பளப் புள்ள நீ கேக்கலாமா இதை?"

எனக்கு முதல்ல புரியலை. அப்புறம் புரிஞ்சுது. கள்ளிப்பால். பொண்ணாப் பொறந்துட்டாங்கிற ஒரே காரணத்துக்காகப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டின அந்தப் பால். எங்க ஊர் வழியா போற ரோடு முடியுற சேலம் மாவட்டத்துலதான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தையே ஆரம்பிச்சாங்க. எந்த வீட்டுக் கதை ஆயாவுக்குத் தெரியும்னு நான் கேட்கலை. அதுவும் சொல்லலை. கள்ளி பாவம், அது ஆடு மாடு கடிக்காம இருக்கத் தனக்காகச் சுரந்த பால். பயிருக்கு வேலியா நின்ன செடி. இருந்தாலும் அந்தக் கப்பை ஒரு கல்யாணப் பொண்ணு கையில கொடுக்க எனக்கும் மனசு வரலை. (இன்னொண்ணு: நர்சரியில சிவப்புப் பூவோட விக்கிற யூஃபோர்பியா மிலியும் கள்ளி ஜாதிதான். வெட்டும்போது பால் கண்ணுல பட்டா ஆபத்து. கையைக் கழுவாம கண்ணைக் கசக்காதீங்க.)

செடி கிடைச்சாச்சு. கப்பு? அந்த வெள்ளை கப்புல ஓட்டை போடலாம்னு அப்பாவோட டிரில் மெஷினை எடுத்தேன். எட்டு கப் உடைஞ்சுது. மிச்சத்தைக் கழுவிக் கோணியில கட்டிக்கிட்டு விருத்தாசலம் பஸ் ஏறினேன். யூனிட்ல இருந்த பெரியவர் சிரிச்சார். "பச்சையா இருக்கறப்ப ஒரு குச்சி போதும்மா. சுட்ட பிறகு டிரில்லு கேக்கும்." செடிக்குன்னு ஏன் முதல்லயே சொல்லலைன்னு கேட்டுட்டு, உள்ளே கூட்டிட்டுப் போனார். கிளேஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுட்டு வெச்சிருக்கிற கப்பை 'பிஸ்கட்'னு சொல்றாங்க. நாக்குல வெச்சா ஒட்டும், அவ்வளவு தண்ணி குடிக்கும். வேற ஒரு ஆர்டருக்குச் செஞ்சு நின்னு போன பிஸ்கட் கப், அடியில ஓட்டையோட, ஒரு மூலையில அடுக்கியிருந்துச்சு. என் தொண்ணூத்திரெண்டுக்கு மேல எட்டு சேர்த்து நூறாவே கொடுத்தார். காசு வாங்கலை. டீ வேற வாங்கிக் கொடுத்தார்.

கிளேஸ்ங்கிறது மண் மேல உருகிப் படிஞ்ச கண்ணாடித் தோல். அது வழியாத் தண்ணி போகாது. காப்பிக்கு அதுதான் வேணும். செடிக்கு வேண்டாம். கிளேஸ் இல்லாத மண் சுவர் வழியா ஈரம் கசிஞ்சு ஆவியாகும், மண்ணும் குளிரும். மண்பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கே, அதே டெக்னிக். ராத்திரி சூட்டுல வேர் வேகாம இருக்க ரெண்டு மூணு டிகிரி குறைஞ்சாக்கூட லாபம்தானே? கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இதுக்கு நேர் எதிரி. சட்டி மாதிரி சூட்டை இழுத்து வெச்சுக்கும்.

மண்ணைப் பத்தியும் ஒரு பல்பு வாங்கினேன், சொல்லிடறேன். 'அடியில ரெண்டு இஞ்ச் ஜல்லி போட்டா தண்ணி வடிஞ்சுடும்'னு எல்லாரும் சொல்லுவாங்க. வடியாது! நைஸ் மண்ணு தண்ணியை ஸ்பான்ஜ் மாதிரி பிடிச்சு வெச்சுக்கும். முழுக்க ஊறின பிறகுதான் கீழே இருக்கிற பெரிய ஜல்லி இடைவெளிக்கு விடும். ஜல்லி போட்டா ஈரமான மட்டம் இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்துல வந்து நிக்கும், அவ்வளவுதான். ஜல்லியை அடியில போடாம மண்ணோட கலக்கணும். நான் போடுறது: பாதி அளவு உடைச்ச செங்கல், ஓட்டுச் சில்லு, இல்லேன்னா உடைஞ்ச பிஸ்கட் கப்பு (விருத்தாசலத்துல இதுக்கா பஞ்சம்?), கடுகைவிடப் பெருசு, பட்டாணியைவிடச் சிறுசு. தூளைச் சலிச்சு எறிஞ்சிடணும். மீதியில பாதி கரடு ஆத்து மணல், பாதி மக்கின எருவும் உமிக்கரியும். களிமண் பக்கமே போகாதீங்க.

பத்துமணிப் பூவைக் கிள்ளிக் கிள்ளி கப்புக்கு மூணு துண்டு. வெட்டின முனை காய ஒரு நாள் நிழல்ல போட்டுட்டு அப்புறம் நட்டோம். வீடே உக்காந்து நட்டுச்சு. அப்பாவும் வந்து உக்காந்தார். வழக்கம்போல பேச்சு கிடையாது, ஆனா அவர் நட்ட கப்புதான் வரிசை நேரா இருந்துச்சு. ஒரு வாரத்துல வேர். நூத்துக்கு எண்பத்தினாலு கப் தேறிடுச்சு. மிச்சப் பேருக்குத் தேங்காய்.

முகூர்த்தம் ஆறு டு ஏழரை. சாப்பிட்டுட்டுக் கிளம்பினவங்க கையில கப்பைக் கொடுத்தா, எல்லாப் பூவும் இறுக்க மூடிக்கிட்டு இருக்கு! "என்னம்மா, வாடினதைக் கொடுக்கற?"ன்னு ஒரு பெரியப்பா கேட்டே விட்டார். பத்துமணிப் பூவை ஏழரை மணிக்குக் கொடுத்தா வேற என்ன பண்ணும்? பத்தே காலுக்கு மேல அப்பா போன் அடிக்க ஆரம்பிச்சுது. கள்ளக்குறிச்சி பஸ்ல ஜன்னலோரமா உக்காந்திருந்த அதே பெரியப்பாதான் முதல் ஆள். "டேய், பூத்துடுச்சுடா!" அப்பா ஸ்பீக்கர்ல போட்டு எனக்குக் காட்டினார்.

அதுக்கப்புறம் எனக்கு இந்தச் செடிப் பைத்தியம் விடலை. செடி வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன். 'உங்க ஊர்ல ராத்திரி எப்படி?' உங்க ஊருக்கும் அதேதான். வேப்பூர், பெரம்பலூர், திருச்சி மாதிரி உள்ளடங்கின சூட்டு ஊர்ல இருக்கீங்களா? அடீனியம் வையுங்க. ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்து ஆள், வெயில்னா அதுக்குத் திருவிழா. (ஆனா அதோட பாலும் விஷம்தான். ஆப்பிரிக்காவுல அம்பு முனையில தடவியிருக்காங்க.) கத்தாழை, பிரண்டை, மருள், கற்பூரவல்லி எல்லாம் சித்திரையில வளராது, ஆனா சாகாது. இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கும். தூங்கறவங்களை எழுப்பிச் சோறு ஊட்டக் கூடாது, அவ்வளவுதான். சென்னை ஆட்களுக்குச் சூட்டோட ஈரமும் சேர்ந்திருக்கு. காத்தோட்டம் இல்லாத பால்கனியில பூஞ்சைதான் முதல் எதிரி, தொட்டிகளை நெருக்கி வைக்காதீங்க. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் மழை கம்மி, அழுகல் பயம் குறைவு. கோயம்புத்தூர்க்காரங்க பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு நன்றி சொல்லிட்டுக் கொஞ்சம் ஸ்டைலான செடி ட்ரை பண்ணலாம். துபாய்ல, தோஹால இருக்கிற அண்ணன்களே... அங்கே ஜூலை ராத்திரி 30 டிகிரிக்குக் கீழே வரத் தயங்கும். எச்சிவேரியாவை ஏ.சி. ரூம் ஜன்னல்ல வெச்சுக்கோங்க, ப்ளீஸ். அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துக்குள்ளேயே இருக்கிற ஃபீனிக்ஸ் நகரத்துலகூடக் கோடையில சக்குலன்ட்டுக்கு நிழல்வலை கட்டறாங்க. சித்திரை, வைகாசியில மதிய வெயிலுக்கு நாமளும் ஒரு பச்சை வலை கட்டறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

காலண்டரையும் மாத்திக்கணும். வெளிநாட்டுப் புத்தகத்துல 'கோடையில தாராளமாத் தண்ணி, குளிர்ல நிறுத்து'ன்னு இருக்கும். அது பனி பெய்யுற ஊருக்கு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில எல்லாத்தையும் சன்ஷேடுக்குக் கீழே இழுத்துடணும். தை, மாசிதான் நம்ம ஊர்ச் சதைச்செடிகளுக்கு வசந்தம். வானம் தெளிவு, ராத்திரி குளிர்ச்சி. தொட்டி மாத்தறது, துண்டு நடுறது எல்லாம் அப்பதான். அடீனியத்துக்கு மட்டும் பங்குனி வரை பொறுங்க. சித்திரையில தண்ணி ஊத்தியே ஆகணும்னா, மண்ணு முழுக்கக் காஞ்சிருக்கான்னு குச்சி விட்டுப் பார்த்துட்டு, சூடு இறங்கின பொழுது சாய்ஞ்ச நேரத்துல கொஞ்சமா. மதியம் ஊத்தினீங்கன்னா அது என் ரெசிபி, வெந்த கத்தரிக்காய்!

ஊருக்கு ரொம்பவே பிடிச்சுப்போன செடியும் சிக்கல்தான். சப்பாத்திக்கள்ளி தெரியும்ல? அமெரிக்கக் கண்டத்துச் செடி. சிவப்புச் சாயம் கொடுக்கிற பூச்சியை வளர்க்கலாம்னு 18-ம் நூற்றாண்டு முடிவுல கம்பெனிக்காரங்க சென்னையில கள்ளித் தோட்டமே போட்டாங்க. 1795-ல் பூச்சியும் வந்துச்சு. வந்தது மட்டமான சரக்கு, வியாபாரம் படுத்துடுச்சு. ஆனா சப்பாத்திக்கள்ளியில ஒரு வகை தென்னிந்தியா முழுக்கக் காடு, மேடு, மேய்ச்சல் நிலம்னு மூடிடுச்சு. கடைசியில 1926-ல் இலங்கையில இருந்து வேற ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினாங்க. அஞ்சாறு வருஷத்துல சுமார் ஒரு லட்சம் ஏக்கரை அந்தப் பூச்சி தின்னு தீர்த்துச்சு. அதனால, ரணகள்ளியைக் கிள்ளிக் கண்ட இடத்துல வீசாதீங்க. தொட்டியோட நிக்கட்டும்.

அந்த மூணு எச்சிவேரியா என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? அக்கா ஓசூர்ல வாக்கப்பட்டுப் போனா. கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உசரம். போகும்போது மூணையும் புடவைப் பெட்டிக்குள்ளே வெச்சு எடுத்துட்டுப் போனா. சாகட்டும்னுதான் கொடுத்தேன். இந்தத் தையில வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருக்கா. ஒவ்வொண்ணும் சாஸர் அகலத்துக்கு ஆகி, ஒண்ணு ஆரஞ்சுப் பூவே விட்டிருக்கு. அதே பெட்டியில வந்த செடி, அதே மலை நர்சரி. அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஒண்ணு மூவாயிரம் ரூவா"ன்னார்.

போட்டோவுக்குக் கீழே அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டிருக்கா. "ஏன்டி, இங்க பத்துமணிப் பூ மட்டும் மேகம் போட்டா திறக்கவே மாட்டேங்குது. குளிர்ல இலையெல்லாம் சுருங்குது. ஆயாகிட்ட கேட்டுச் சொல்றியா?"